அறுவைப் பயிற்சியில் வீடியோ: தன் கைத்திறனைத் தானே மதிப்பிடும் முறை

தையலை முடித்துக் கையுறையைக் கழற்றும்போது மனதில் ஒரு மதிப்பெண் ஓடும். அதே தையலை வீடியோவில் பார்த்தால் வேறொரு மதிப்பெண் தோன்றும். வேலை செய்யும் நேரத்தில் கண்ணும் கவனமும் ஊசிமுனையிலேயே இருப்பதுதான் காரணம். இடது கை என்ன செய்துகொண்டிருந்தது, ஊசியை எத்தனை தடவை மாற்றிப் பிடித்தோம், எந்த இடத்தில் பதினைந்து விநாடி தயங்கி நின்றோம் என்பதெல்லாம் நினைவில் தங்குவதில்லை. முடிச்சு விழுந்தது, ரத்தம் நின்றது என்ற முடிவு மட்டும் தங்கும். ஆகவே நினைவிலிருந்து போடும் மதிப்பெண் அந்த முடிவுக்குப் போடும் மதிப்பெண்ணாகிவிடுகிறது. கைக்கு யாரும் மதிப்பெண் போடவே இல்லை.

வீடியோவை வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பதாலும் பெரிய பயன் இல்லை. நினைவிலிருந்து ஒரு மதிப்பெண், வீடியோவைப் பார்த்து ஒரு மதிப்பெண், சீனியர் தனியாகப் பார்த்துத் தரும் மதிப்பெண். இந்த மூன்றையும் இதே வரிசையில், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் திருத்தாமல் எழுதிவைக்க வேண்டும். மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

கைத்திறனை வீடியோவில் பார்த்து எடைபோட முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2013-இல் வெளியான மிச்சிகன் ஆய்வு நல்ல பதில். உடல்பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்கள், லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே காமெராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவை) வழியாகச் செய்த இரைப்பை பைபாஸ் வீடியோ ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமலேயே சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். திறன் மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்திருந்தன. முதல் கால்பங்கினரிடம் அது 5.2 சதவீதம். ஒரே ஒரு வீடியோவில் தெரிந்த கைப்பக்குவத்துக்கும் நோயாளி வீடு திரும்பிய நிலைக்கும் அவ்வளவு தொடர்பு இருந்தது.

எதைப் பதிவு செய்வது

மூன்று மணி நேர அறுவையை முழுதாகப் பதிவு செய்து வைத்தால் யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் முடிகிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி மேசையில் என்றால் தோல் மாதிரியில் ஐந்து தனித்தையல், குடல் இணைப்பின் ஒரு பக்கம், ட்ரெயினர் பாக்ஸில் (லேப்ராஸ்கோப்பி பழகும் பெட்டி) பெக் டிரான்ஸ்ஃபர், அதாவது வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்றவை. அடிப்படை லேப்ராஸ்கோப்பித் தேர்வான எஃப்எல்எஸ்ஸில் பெக் டிரான்ஸ்ஃபருக்கு 6 வளையங்கள், மேல்வரம்பு 300 விநாடி; கருவிகளாலேயே உள்ளே முடிச்சிடும் உள்முடிச்சுத் தையலுக்கு 600 விநாடி. இப்படி வரையறுத்த வேலைகளில் முதல் மாத வீடியோவையும் ஆறாம் மாத வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

தியேட்டரில் என்றால் பயிற்சி மருத்துவர் தானே செய்யும் ஒரு கட்டத்தை மட்டும் எடுங்கள். பித்தப்பை அறுவையில் கலோ முக்கோணத்தை (பித்தப்பைக் குழாய்க்கும் ஈரலுக்கும் நடுவே உள்ள பகுதி) பிரிக்கும் கட்டம் அதற்குப் பொருத்தமானது. அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் விவரித்த பாதுகாப்புப் பார்வைக்கு, அதாவது தவறான குழாயை வெட்டிவிடாமல் உறுதி செய்யும் காட்சிக்கு, மூன்று நிபந்தனைகள் உண்டு. முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பகுதி ஈரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் போவது தெரிய வேண்டும். கிளிப் போடுவதற்கு முன் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் இது காட்டப்பட்டிருக்கிறதா என்று வீடியோவை நிறுத்திப் பாருங்கள். ஆம் அல்லது இல்லை, இடைப்பட்ட பதில் கிடையாது. “பார்த்தேன்” என்று நினைவு சொல்லும் இடத்தில் பின்பக்கக் காட்சியே வீடியோவில் இல்லாமல் போவது இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடியது.

காமெராவை வைக்கும் விதம்

பயிற்சி மேசைக்கு ஒரு போனும் வளையும் ஸ்டாண்டும் போதும். தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் குனிந்த தலைதான் பதிவாகும். எதிர்ப்பக்கத்திலிருந்து, 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், சற்றே சாய்வாக வையுங்கள். படம் தலைகீழாக வரும். பிளேயரில் 180 பாகை திருப்பிக்கொள்ளலாம். சட்டகத்துக்குள் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை இருக்க வேண்டும். ஊசிமுனை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நெருங்கி எடுப்பவர்கள் மணிக்கட்டின் சுழற்சியை இழந்துவிடுகிறார்கள். ஊசியின் வளைவோடு மணிக்கட்டு சுழல்கிறதா, அல்லது ஊசியை நேராகத் தள்ளுகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டிய முதல் விஷயம். 1080 தெளிவும் விநாடிக்கு 30 ஃபிரேமும் தாராளம். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை குறுக்கே போகும்போதெல்லாம் காமெரா ஃபோகஸ் தேடி அலையும்.

திறந்த அறுவையில் பெரிய தொல்லை தியேட்டர் விளக்கு. சுற்றியுள்ள துணி இருட்டாக இருப்பதால் காமெரா தானாக வெளிச்சத்தை ஏற்றும். காயம் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். வெளிச்ச அளவை ஒன்று முதல் இரண்டு படி குறைத்துப் பூட்டுங்கள். பச்சை, நீலத் துணிகள் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் வெள்ளை காஸ் துணியைக் காட்டி வெண்சமநிலையைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். தலையில் மாட்டும் காமெரா என்றால் நாம் நினைப்பதைவிடக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அறுவை செய்பவர் தலையைக் கொஞ்சம் குனிந்து மீதியைக் கண்ணால் தாழ்த்திப் பார்க்கிறார். காமெராவுக்கு அந்தக் கண் இல்லை. அகலக் காட்சியை விட்டுக் குறுகிய காட்சிக்கு மாற்றி, துணி போர்த்தும் முன்பே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் டவரிலிருந்தே (திரையும் காமெராக் கருவிகளும் உள்ள அடுக்கு) நேரடியாகப் பதிவாகிவிடும். ஆனால் அந்தப் படம் கருவி முனையை மட்டும் காட்டும். தூக்கிய முழங்கையும், உயரம் தவறிய மேசையும், திருகிய மணிக்கட்டும் அதில் வராது. அறைக்குள் இன்னொரு காமெராவைப் பக்கவாட்டில் வைத்து, தொடக்கத்தில் ஒரு கருவியால் இன்னொன்றை ஒருமுறை தட்டினால் இரண்டு பதிவையும் பிறகு நேரம் பொருத்திக்கொள்ளலாம். காமெரா பிடிப்பவர் வேறொருவர் என்பதையும் மறக்கக் கூடாது. படம் ஆடினால் அதைச் செய்பவரின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோப்பின் அளவும் முக்கியம். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நிமிடத்துக்கு 60 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாகச் சேமிக்காது. பதிவு துண்டாகும், ஒட்டும் இடத்தில் சில விநாடிகள் விடுபடவும் கூடும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் இந்தப் பிரச்சினை வராது. ரெக்கார்டர் அதை ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்த மறப்பது எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும். கீறலுக்கு முன் எல்லோரும் நின்று சரிபார்க்கும் டைம்-அவுட்டில் ‘ரெக்கார்டிங் ஓடுகிறதா’ என்ற வரியைச் சேர்த்து, ஒருவர் பெயரில் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

சம்மதமும் அடையாளமும்

நோயாளி சம்பந்தப்பட்ட எந்தப் பதிவுக்கும் அறுவைக்கான சம்மதத்தோடு கூடவே தனியாக எழுத்துச் சம்மதம் வேண்டும்: எதற்காகப் பதிவு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் இருக்கும், மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது. தியேட்டரில் இருக்கும் மற்றவர்களுக்கும் பதிவு ஓடுவது தெரிந்திருக்க வேண்டும். டவர் திரையின் மூலையில் வரும் நோயாளி பெயரையும் எண்ணையும் பதிவுக்கு முன் அணைத்துவிடுங்கள். பிறகு மறைப்பது பெரிய வேலை. லென்ஸைத் துடைக்க ஸ்கோப்பை வெளியே எடுக்கும் சில விநாடிகளில் முகங்களும் சுவரில் தொங்கும் பட்டியலும் பதிவாகிவிடும். அந்தத் துண்டுகளை வெட்ட வேண்டும். ஒலியில் பெயர்கள் இருக்கும். கோப்பின் பெயரில் நோயாளி எண் வேண்டாம், குறியீடு போதும்.

சொந்த போனில் நோயாளி வீடியோவை எடுக்கவே வேண்டாம். கேலரி தானாகக் கிளவுடுக்கு ஏற்றிவிடும். ஒருமுறை மெசேஜ் குழுவுக்குப் போன வீடியோவைத் திரும்பப் பெற முடியாது. அழிப்பதற்கு முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில இடங்களில் விதிப்படி அந்த வீடியோ நோயாளியின் மருத்துவப் பதிவில் சேர்ந்துவிடும்.

அளவுகோல்

புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. டொரொன்டோவில் உருவாகி 1997-இல் வெளியான ஓசாட்ஸ் பொது மதிப்பீட்டில் ஏழு கூறுகள் உண்டு: திசுவிடம் காட்டும் பக்குவம், நேரமும் அசைவும், கருவியைக் கையாளுதல், கருவிகளைப் பற்றிய அறிவு, உதவியாளர்களைப் பயன்படுத்துதல், வேலையின் ஓட்டமும் முன்யோசனையும், அந்த அறுவையைப் பற்றிய அறிவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 35. லேப்ராஸ்கோப்பிக்கு ஐந்து கூறுகள் கொண்ட கோல்ஸ், ரோபோ அறுவைக்கு ஆறு கூறுகள் கொண்ட கியர்ஸ் இருக்கின்றன.

எண்களைவிட 1, 3, 5 ஆகியவற்றுக்கு எழுதியிருக்கும் விவரிப்பைப் படித்துப் போடுவதுதான் முக்கியம். மேசையில் தனியாகத் தைக்கும் வீடியோவில் உதவியாளரும் இல்லை, கருவியைப் பெயர் சொல்லிக் கேட்பதும் இல்லை. அந்த இரண்டு கூறுகளையும் எடுத்துவிட்டு ஐந்து கூறுகளுக்கு, 25-க்கு, மதிப்பெண் போடுங்கள். தெரியாததற்கு 3 போட்டு நிரப்பினால் எல்லோரும் நடுத்தரமாகத்தான் தெரிவார்கள்.

பார்க்கும் வரிசை

வேலை முடிந்த பத்து நிமிடத்துக்குள், வீடியோவைத் திறக்காமல் நினைவு மதிப்பெண்ணை எழுதுங்கள். கூடவே ஒரு வரி: எந்த இடம் நன்றாக வந்தது, எந்த இடம் சரியில்லை. இந்தப் படியைத் தாண்டிவிட்டால் பிறகு ஈடு செய்ய முடியாது. பார்த்த பிறகு ‘எனக்கு முன்பே தெரியும்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

ஒன்றிரண்டு நாளுக்குள் வீடியோவை ஒருமுறை முழுதாக, நிறுத்தாமல், இயல்பான வேகத்தில் பாருங்கள். இரட்டை வேகத்தில் பார்த்தால் தயக்கங்கள் சுருங்கி கை லாவகமாகத் தெரியும். நேரமும் அசைவும் பற்றிய மதிப்பெண் அப்போதே கெட்டுவிடும். இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகுதான் வீடியோ மதிப்பெண்.

எதை எண்ணுவது? உள்முடிச்சுத் தையலின் இரண்டு நிமிடத் துண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: ஊசியை மாற்றிப் பிடித்தது, திசுவில் குத்தி வெளியே இழுத்து மறுபடி குத்தியது, ஊசி திரையை விட்டு மறைந்தது, நூல் சுற்றும்போது நழுவியது, இடது கருவி சும்மா நின்ற விநாடிகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நேரத்தைக் குறியுங்கள்.

இப்போது 01:12-இல் ஊசியை மூன்று தடவை மாற்றிப் பிடித்தது தெரிகிறது என்று வையுங்கள். பார்க்கிறவர் ‘ஊசியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அங்கே நகராதீர்கள், பத்து விநாடி பின்னால் போங்கள். 01:02-இல் முந்தைய குத்திலிருந்து ஊசி வெளியே வருகிறது; அதை வளைவோடு இழுக்காமல் நேராக இழுக்கிறார்; ஊசி திரும்பிக்கொள்கிறது; இடது கருவி அதைப் பிடித்து நிறுத்தவில்லை, ஓரமாக நிற்கிறது. தவறு தெரிந்தது 01:12-இல், பிறந்தது 01:02-இல். இங்கே பயிற்சி செய்ய வேண்டியது ஊசியை வெளியே எடுக்கும்போது இடது கை நிற்க வேண்டிய இடத்தை. பிடிப்பை நூறு தடவை பழகினாலும் இந்தத் தவறு போகாது.

முடிச்சிலும் அப்படித்தான். சுற்று நழுவுகிறது என்றால் பின்னால் போய் வாலை, அதாவது நூலின் குட்டை முனையைப் பாருங்கள். வலது கருவி வாலிலிருந்து தள்ளி நிற்கும்போதே நூலைச் சுற்றிவிட்டு, பிறகு வாலைத் தேடிப் போயிருப்பார். போகும் வழியில் சுற்று கழன்றிருக்கும். முதலில் முனையை வாலுக்கு அருகில் கொண்டுபோய், அங்கேயே சுற்ற வேண்டும். வாலை இரண்டு மூன்று செ.மீ. அளவில் விட்டிருந்தாரா, நீளமாக விட்டிருந்தாரா என்பதையும் பாருங்கள். நீளமான வால் வளையத்துக்குள்ளிருந்து முழுதாக வெளிவராது, முடிச்சு வில்போல மாட்டிக்கொள்ளும்.

டயத்தர்மி ஹுக் (மின்சாரத்தால் திசுவை வெட்டும் கொக்கி) பயன்படுத்தும் பகுதியில், பெடலை மிதித்த ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்தி இரண்டு கேள்வி கேளுங்கள். முனை முழுதாகத் திரையில் தெரிகிறதா? இடது கை திசுவை இழுத்துப் பிடித்திருக்கிறதா? இழுவை இல்லாத திசு வெட்டுப்படாமல் கருகும். கருகல் நீள்கிறது என்றால் வலது கையை விட்டுவிட்டு இடது கையைப் பாருங்கள்.

உங்கள் மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகு தேர்ந்தவரின் வீடியோவைப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். அது வெட்டப்படாத வீடியோவாக, அதே வேலையாக இருக்க வேண்டும். மாநாட்டில் காட்டுவதற்காக வெட்டி ஒட்டிய வீடியோவில் தயக்கம் எதுவும் இருக்காது; அதோடு ஒப்பிட்டுத் தன்னை மட்டமாக நினைப்பது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

சீனியரின் பங்கு

சீனியர் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து, ஒலி இல்லாமல், பயிற்சி மருத்துவரின் மதிப்பெண்ணைப் பார்க்காமல் போட வேண்டும். கையுறைக்குள் யார் கை என்று தெரியாது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பேர் போட்டால் நல்லது. தொடங்கும் முன் மதிப்பிடுபவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க வேண்டும்: சுமாரான ஒன்று, நடுத்தரமான ஒன்று, நல்லது ஒன்று என மூன்று வீடியோக்களைத் தனித்தனியாக மதிப்பிட்டு, எந்தக் கூறிலாவது இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால் அளவுகோலின் சொற்களை வைத்துப் பேசி, வேறு மூன்று வீடியோக்களில் மறுபடி முயலுங்கள். நல்லவர் என்று மனதில் பதிந்தவருக்கு எல்லாக் கூறிலும் 4 விழுவது மிகச் சாதாரணம். ஒரு தாளில் ஏழு கூறும் ஒரே எண் என்றால் சந்தேகப்படுங்கள்.

பேசும்போது பயிற்சி மருத்துவர் முதலில் பேசட்டும். இருபது நிமிடம், மூன்று இடங்கள், அதற்கு மேல் வேண்டாம். சீனியர் சொல்வது திரையில் தெரிவதாக இருக்க வேண்டும். ‘பதட்டமா இருந்தீங்க’ என்பது திரையில் இல்லை. ‘04:10-லிருந்து 04:35 வரைக்கும் வலது கருவி நாலு தடவை தொட்டுட்டு விலகுது, அந்த நேரத்துல என்ன தேடினீங்க?’ என்பது இருக்கிறது. அதற்குப் பதிலும் கிடைக்கும்.

தேர்வு மதிப்பெண்ணுக்கான வீடியோவும் கற்பதற்கான வீடியோவும் தனித்தனியாக இருக்க வேண்டும். பதிவு செய்ததெல்லாம் தேர்வுக்குப் போகும் என்றால் பயிற்சி மருத்துவர் தன்னுடைய சிறந்த வீடியோவை மட்டும்தான் கொடுப்பார். எதைப் பதிவு செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முடிந்த பிறகு தேர்ந்தெடுக்கவிடாதீர்கள். ஒருவருடைய தவறை அவர் சம்மதம் இல்லாமல் கூட்டத்தில் ஓட்டிக் காட்டினால் அடுத்த மாதம் யாரும் வீடியோ தரமாட்டார்கள், தராததில் தப்பும் இல்லை.

வித்தியாசத்தைப் படிப்பது

மொத்த மதிப்பெண்ணை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஐந்து கூறுகளில் பயிற்சி மருத்துவர் திசுப் பக்குவத்துக்கு 3, நேரம்-அசைவுக்கு 4, கருவிக்கு 4, ஓட்டத்துக்கு 3, அறிவுக்கு 3 போடுகிறார். சீனியர் அதே வரிசையில் 4, 2, 3, 4, 4 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தம் 17. மதிப்பீடு கச்சிதம் என்று தோன்றும், ஆனால் ஐந்தில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. கூறு வாரியாகச் சுயமதிப்பெண்ணிலிருந்து சீனியர் மதிப்பெண்ணைக் கழித்து எழுதுங்கள். நேரம்-அசைவில் கூட்டல் 2 என்பது அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தைக் காட்டுகிறது. மூன்று கூறுகளில் வரும் கழித்தல் 1 ஏற்கெனவே நன்றாக இருக்கும் கையை நம்பாமல் இருப்பதைக் காட்டுகிறது. அப்படிப்பட்டவர் சரியாக வருவதையே திரும்பத் திரும்பப் பழகி நேரத்தை வீணாக்குவார். குறைத்துப் போடுவதையும் அடக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

புள்ளியியலில் ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்) மட்டும் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். எல்லாக் கூறிலும் சீனியரைவிடச் சரியாக ஒரு புள்ளி கூடப் போடுபவருக்குக் கெழு 1 வரும், ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் தவறுகிறார். சராசரி வித்தியாசத்தையும் அதன் பரவலையும் பாருங்கள்.

ஒருமுறைக்கு ஒரு குறிக்கோள் எழுதுங்கள், எண்ணிப் பார்க்கக்கூடியதாக: ‘அடுத்த ஐந்து தையலில் ஊசியை மாற்றிப் பிடிப்பது தையலுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.’ ட்ரெயினர் பாக்ஸில் அந்த ஒரு அசைவை மட்டும் பழகி, இரண்டு மூன்று வாரத்தில் அதே வேலையை அதே காமெரா கோணத்தில் மறுபடி பதிவு செய்யுங்கள். கோணம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். அந்தச் சமயத்தில் பழைய வீடியோவையும் குறியீடு மாற்றி மற்ற வீடியோக்களோடு கலந்து, முந்தைய தாளைப் பார்க்காமல் மறுபடி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பழைய வீடியோவுக்கு இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால், புதிய வீடியோவில் தெரியும் மாற்றத்தை நம்பி அடுத்த கூறுக்குப் போகலாம். வராவிட்டால் அதே வீடியோவை சீனியரோடு உட்கார்ந்து மறுபடி எண்ணுங்கள்.